காளைக்கு இப்போ எப்படியிருக்கு?

கழுவுகிற வேலையில் ஒரு நிம்மதி உண்டு, எதைக் கழுவுகிறீர்கள் என்று யாரும் கேட்காதவரை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். வீட்டுக்காரர் மில் பஞ்சில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். பெரிய மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டான். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு, பெங்களூருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையின் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. என்ன லேப் என்று சேர்ந்த அன்றைக்கு எனக்குத் தெரியாது. சீமைக் காளைகளின் விந்தைச் சேகரித்து, சோதித்து, ஊர் ஊராகச் சினை ஊசிக்கு அனுப்புகிற இடம் அது. இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். லேபில் எல்லாரும் 'சாம்பிள்' என்றுதான் சொல்வோம். நானும் இனிமேல் அப்படியே எழுதிவிடுகிறேன்.

பார்க்கிற உத்தியோகத்தை வெளியே சொல்ல முடியாமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்தே வெட்கப்படுவோம்.

தூக்குச்சட்டிகள்

பிரேசர் டவுனில் எங்கள் சபையில் மாதர் கூட்டம் நடக்கும். புதிதாக வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, "எங்கே, என்ன வேலை?" என்று கேட்டார்கள். பொய் சொல்லக் கூடாது. உண்மையையும் சொல்ல முடியாது. "மாட்டுப் பண்ணையில்... பால் சம்பந்தமான இடம்," என்றேன். முழுப் பொய் இல்லை. கன்று பிறக்காமல் பால் ஏது?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் என் கையில் ஒரு தூக்குச்சட்டி. அதற்கடுத்த வாரம் மூன்று. ஒருத்திக்கு வெண்ணெய், ஒருத்திக்குச் சீம்பால், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குப் பசும்பால். காலிச் சட்டிகளை வாங்கிக்கொண்டு போய், நன்றாகத் தேய்த்துக் கழுவி, காலியாகவே திருப்பிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. பாட்டுக் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டரின் மனைவிதான் கடைசியில் பொறுமை இழந்தார்.

"இத்தனை மாசமா பால் பண்ணையில இருக்கீங்க, ஒரு சொட்டுப் பாலைக் கண்ணுல காட்டல. அங்க அப்படி என்னத்தத்தாங்க கறக்கிறீங்க?"

கண்ணை மூடிச் செய்த வேலை

சாம்பிள் எடுப்பதற்கு ஒரு தடித்த ரப்பர் குழாய் உண்டு. அதன் இரண்டு சுவருக்கும் நடுவில் வெந்நீர் ஊற்றி, பசுவின் உடம்புச் சூட்டுக்குச் சற்றே அதிகமாக வைத்துக் கொடுக்க வேண்டும். கழுவுகிறவள்தானே, ஊற்றவும் செய்யட்டும் என்று அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. சூட்டுமானியைப் பார்த்து ஊற்ற வேண்டும். ஆனால் காளையைக் கொண்டுவரும் சத்தம் கேட்டதுமே எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். வாய் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு சூட்டுமானியை எப்படிப் பார்ப்பது? கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது.

காளையின் பெயர் ராஜா. சிவப்பு நிறம், யானைக்குட்டி மாதிரி உடம்பு. அன்றைக்கு அது எழுப்பிய சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றதுதான். அதற்குப் பிறகு என் நீலப் புடவையைப் பார்த்தாலே பின்வாங்கிப் போகும். நானும் அந்தப் புடவையைப் பண்ணைக்குக் கட்டுவதை விட்டுவிட்டேன். காளையைப் பராமரிக்கும் கவுஸ் பாய் அறுந்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"க்யா அம்மா, அவனுக்குப் போயி காபி போட்டுட்டீங்களே!"

வெள்ளை ஆம்லெட்

சாம்பிளில் உள்ள உயிரணுக்கள் குளிரில் செத்துப்போகாமல் இருக்க அதில் முட்டையின் மஞ்சள் கருவைக் கலப்பார்கள். தினமும் முட்டை உடையும். மஞ்சள் லேபுக்கு, வெள்ளையைக் கீழே கொட்ட யாருக்கும் மனசு வராது. நான் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வருவேன். வருஷக்கணக்கில் எங்கள் வீட்டில் ஆம்லெட் என்றால் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் இருக்கும். மஞ்சளாக ஆம்லெட் உண்டு என்பதையே என் வீட்டுக்காரர் மறந்துபோயிருந்தார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் சம்பந்தியம்மாள் வந்தார். என் மகள் கிரேஸை ஒக்கலிபுரத்தில், ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் தேவராஜுக்குக் கொடுத்திருந்தோம். தங்கமான பிள்ளை. அவருடைய தாயார்தான் இந்த அம்மாள். தங்கவயல் சுரங்கத்தில் உழைத்த மனுஷனின் விதவை. ஒற்றை மகனோடு இங்கே வந்துவிட்டவர். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் கிரேஸுக்குக் குழந்தை இல்லை. லேடி டாக்டர் பார்த்துவிட்டு அவளிடம் குறை ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதை மாமியார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் பயத்தில் சோற்றோடு வெள்ளை ஆம்லெட்டை வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாப்பிடாமல் கையைக் கழுவினார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன் சம்பந்தியம்மா. அதுக்குள்ள ஒண்ணும் இல்லேன்னா உங்க பொண்ணை நீங்களே கூட்டிக்கிட்டு வந்துடுங்க. முட்டையில கூட கரு இல்லாம சமைக்கிற வீட்டுல பொண்ணெடுத்தேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்!"

கவுஸ் பாய் கொண்டுவந்த நூல்கண்டு

அந்த வாரம் முழுக்க நான் வேலை செய்த லட்சணத்தில் நாலு பீக்கர் உடைந்தது. வாய் ஜெபம் பண்ணும், கை நழுவவிடும். எங்கள் டாக்டர் கன்னடக்காரர், நல்ல மனுஷர், திட்டமாட்டார். என்னைக் கொஞ்சம் உட்கார வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "பன்னி அம்மா, இதைப் பாருங்க," என்று மைக்ராஸ்கோப் பக்கம் கூப்பிட்டார். கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாங்க'.

கசாப்புக் கூடத்திலிருந்து கவுஸ் பாய் ஒரு டப்பாவில் காளையின் விதையைக் கொண்டுவந்திருந்தார். அதன் பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஒரு குழாய், நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடந்தது. பிரித்தால் லேபின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பலாமாம். குழாயின் தொடக்கத்திலிருந்து எடுத்த துளியை முதலில் காட்டினார். குட்டிக் குட்டியாகத் தலையும் வாலுமாக என்னவோ கிடந்தது. ஒன்றும் அசையவில்லை. நான் கழுவிய கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருந்து இத்தனை உயிரையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அங்கேயே கண்ணை மூடி, அவற்றுக்காக ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் நான் 'ஆமென்' சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு குழாயின் கடைசியிலிருந்து எடுத்த துளியை வைத்தார். அம்மாடி! சந்தை கலைந்த மாதிரி ஓட்டம். விதையில் உருவானபோது அவற்றுக்கு நீந்தத் தெரியாதாம். அந்த நீளக் குழாய்க்குள் நாள்கணக்கில் மெதுவாக நகர்ந்து வரும்போதுதான் பக்குவப்பட்டு நீந்தக் கற்கின்றனவாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பிறந்த உடனே யாரம்மா ஓடறாங்க? உங்க ஜெபத்தை எழுந்து நிக்கறவங்களுக்கு வெச்சுக்குங்க, இவங்க இன்னும் தொட்டில்ல இருக்காங்க."

ராஜாவுக்குச் சூடு

அந்த வருஷம் பெங்களூரிலேயே வெயில் தாங்கவில்லை. ராஜாவின் கொட்டகைக்குத் தகரக் கூரை. மே மாதக் கடைசியில் அதன் சாம்பிள் கெட்டுப்போனது. எண்ணிக்கை குறைவு, இருப்பதிலும் பாதிக்கு மேல் வால் முறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றியது. காபி போட்டதன் பலனோ என்று கேட்டேன். அதில்லை, வெயில்தான் என்றார் டாக்டர். உடம்புச் சூடு விதைக்கு ஆகாதாம். அதனால்தான் அந்தப் பை உடம்புக்கு வெளியே, காற்றோட்டமாகத் தொங்குகிறதாம். நான் இத்தனை வயசு வரைக்கும் அதை ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தபோது, கடைசி நாளான சனிக்கிழமை அவசரத்தில் முடித்த வேலை என்றே நினைத்திருந்தேன். அன்று ராத்திரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ராஜாவைத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு மாற்றினோம். ஈரச் சாக்கு போட்டோம். நாலு நாள் கழித்து, "சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். இன்றைக்கு வருகிற சாம்பிள் எப்போதோ உருவாக ஆரம்பித்தது. இன்று குளிர்ந்தால், புதிதாக உருவாகி, நூல்கண்டைத் தாண்டி வெளியே வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். நான் கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன். என் கண்முன்னால் ராஜா இல்லை. இன்ஜின் அடுப்பு வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, தொடை வெந்துபோகிற மாதிரி நின்று, நாள் முழுக்கக் கரி அள்ளிப் போடும் என் மாப்பிள்ளைதான் நின்றார். "சார், இது காளைக்கு மட்டும்தானா, இல்ல... வேற யாருக்காவது கூட..." என்று இழுத்தேன். அவர் யாரைப் பற்றி என்று கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றைக்கும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

"எல்லா ஜீவனுக்கும் ஒரே நியாயம்தான் அம்மா. ஆனா மனுஷனை மனுஷங்க டாக்டர்தான் பாக்கணும், என்கிட்ட கூட்டிட்டு வந்துடாதீங்க, நான் சாக்கு போட்டுடுவேன்."

கதவுக்குப் பின்னால்

இதை மாப்பிள்ளையிடம் சொல்வது யார்? எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை முகத்துக்கு நேரே பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். "சாப்பிட வரச் சொல்லு," என்று மகளிடம் சொல்வேன். "இப்பதான் சாப்பிட்டேன்னு சொல்லு," என்று அவரும் மகளிடமே சொல்வார். கிரேஸ் சும்மா நின்றுகொண்டிருப்பாள், நாங்களே பேசிக்கொள்வோம். காபி, சோறு, மழை இதற்கெல்லாம் அந்த வழக்கம் போதும். இதற்கு?

சம்பந்தியம்மாள் சந்தைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒக்கலிபுரத்துக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, கூடத்துக்குக் கேட்கும்படி ஆரம்பித்தேன். "கிரேஸ், எங்க பண்ணையில ஒரு காளை இருக்குடி. நல்ல காளை. ஒரு குறையும் இல்ல. பாவம், சூட்டுலயே நிக்குது." தகரக் கொட்டகை, பை, நூல்கண்டு, வால் முறுக்கியது, ஈரச் சாக்கு, இரண்டு மாதம், ஒன்றையும் விடவில்லை. காளையின் மேல் குற்றம் இல்லை, பசுவின் மேலும் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். கிரேஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கூடத்தில் செய்தித்தாள் சரசரப்பது நின்றுபோனது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் மாப்பிள்ளை தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் குரல் வந்தது.

"கிரேஸ், அந்தக் காளையை எந்த டாக்டர்கிட்ட காட்டினாங்கன்னு உங்கம்மாவைக் கேளு. காளை வெக்கப்படாம போச்சாமா?"

முயல் வீட்டு வழக்கம்

காளை வெட்கப்பட்டுக்கொண்டேதான் போனது. மனுஷ டாக்டரும் எங்கள் டாக்டர் சொன்னதையே சொல்லி, கொஞ்ச காலம் அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று சீட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை இன்ஜின் ஷெட்டில் பெருக்குகிற, துடைக்கிற வேலைக்கு மாற்றிக்கொண்டார். காரணத்தைத் தாயாரிடம் சொல்லவில்லை. அவர் இன்ஜினை விட்டு இறங்கியதும் மருமகளின் ராசிதான் என்றார் அந்த அம்மாள். இப்படியாக என் யோசனையால் கிரேஸுக்கு ஏச்சு இரட்டிப்பானது.

நான் அவசரக்காரி. இரண்டு மாதம் முடிந்த மறுநாளே ஒக்கலிபுரத்துக்கு ஓடினேன், அதற்கப்புறம் வாராவாரம். கிரேஸ் தலையை அசைப்பாள், நான் திரும்பி வருவேன். லேபில் என் முகத்தைப் பார்த்த டாக்டர், தான் வளர்த்துவந்த முயல்களைக் காட்டி இன்னொரு சங்கதி சொன்னார். நன்றாக நீந்துகிற உயிரணுவாலும் போனவுடன் கருமுட்டையைத் தொட முடியாதாம். பெண் முயலின் உடம்புக்குள் சில மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அங்கேதான் அதன் மேலிருக்கும் ஏதோ ஒரு பூச்சு கழுவப்பட்டு, அதற்குத் தகுதி வருகிறதாம். வெளிநாட்டில் கண்டுபிடித்துச் சில வருஷம்தான் ஆகிறதாம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வந்தவுடன் மணமேடைக்கா ஓடுகிறார்? காலைக் கழுவச் சொல்லி, உட்கார வைத்து, காபி கொடுத்து அப்புறம்தானே. "அப்போ அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி கழுவிக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க சார்," என்றேன். அவர் முயலைக் கூண்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஹௌது, ஆமா அம்மா. ஆனா அவ வாராவாரம் போயி ஆச்சா ஆச்சான்னு கேக்கறதில்ல."

சம்பந்தியம்மாள் காளையைப் பார்த்தது

டிசம்பர் பிறந்தது. கிரேஸ் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவளுக்காகப் பின்னறையில் மரக்கட்டிலைத் துடைத்துப் போட்டுவைத்திருந்தேன். ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்தக் கட்டில்தான் கண்ணில் நிற்கும்.

ஒரு நாள் காலை பண்ணை வாசலில் சம்பந்தியம்மாள் வந்து இறங்கினார். "எங்க அந்தக் காளை?" என்றார். "ஞாயித்துக்கிழமை ஆனா என் மகன் கூடத்துல உக்காந்துக்கிட்டு, காளைக்கு இப்போ எப்படியிருக்குன்னு கேக்கறான். நீங்க கதவுக்குப் பின்னால நின்னு, தேறிடுச்சுங்கறீங்க. எனக்கு ஒண்ணும் காது செவிடில்ல. இந்தக் காளைப் பேச்சு ஆரம்பிச்சப்பதான் அவனும் வேலையை மாத்திக்கிட்டான். என் மகனை இன்ஜினை விட்டு எறக்கின காளையை நான் பாக்கணும்." நான் வாயைத் திறப்பதற்குள் கவுஸ் பாய், பார்க்க வந்த யாரோ பெரிய அம்மாள் என்று நினைத்து, மரியாதையாக ராஜாவிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தகரக் கொட்டகையையும் மரத்தடியையும் காட்டி, சூடு, விதை, சாம்பிள் என்று ஒன்றுவிடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "மாடுங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. இவன்தான் வெந்துட்டான். இப்ப பாருங்க, ஃபஸ்ட் கிளாஸ்!" நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இந்தத் தடவை ஜெபம்கூட வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ராஜாவைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு சுரங்கத்துல அடி மட்டத்துல வேலை," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அங்க பாறையே சுடுமாம். வேட்டிய பிழிஞ்சா தண்ணி ஊத்தும். எனக்கும் ரொம்ப வருஷம் ஒண்ணுமில்ல. எங்க மாமியா ஒரு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகல. அப்புறம் அவரு கால் முறிஞ்சுது. மேல் வேலைக்கு மாத்தினாங்க. அதுக்கு நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேன். அடுத்த வருஷம் தேவராஜ் பொறந்தான்." அவர் கையைப் பிடிக்கப் போனேன். என் கை ஈரமாக இருந்தது, துடைத்துக்கொண்டு பிடித்தேன். கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறேன், எப்போது வந்து கிரேஸைக் கூட்டிப்போகட்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய கோபம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

"கூட்டிக்கிட்டுப் போறதா? அவ எங்கயும் வரமாட்டா சம்பந்தியம்மா. பிள்ளை வந்தா வரட்டும். வராட்டி நானும் என் மருமகளும் சேர்ந்து உக்காந்து தேவராஜைத் திட்டிக்கிறோம், உங்களுக்கென்ன?"

அடுத்த மழைக்காலத்தில் பேத்தி பிறந்தாள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பதிலை எந்தக் கொட்டகை வழியாக அனுப்பினார் என்பதை மட்டும் சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது கொஞ்சம் விழுங்கிவிடுகிறேன்.